சத்திரத்து வாசலில் ஒரு படம்

ரொஸ்விதாவுக்கு வரையத் தெரியாது. விளையாடவும் அவ்வளவாக வராது. ஆனாலும் பாடர்போர்ன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்துத் துணிகளை வெளுத்து மடிக்கிற அவளைத்தான், ஜெர்மனி முழுக்க இருந்த ‘படகோட்டி ஹின்னெர்க்’ கணினி விளையாட்டு ரசிகர்கள் சத்திரத்தம்மா என்று கூப்பிட்டார்கள்.

சத்திரம் என்றால் அவளுடைய தம்பி எக்கார்ட் இணையத்தில் நடத்திய மன்றம். படகுச் சத்திரம் என்று பெயர் வைத்திருந்தான். எக்கார்ட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே தசை வலுவிழக்கும் நோய். ஓடுவதும் சுடுவதுமான கணினி விளையாட்டுகளுக்கு அவன் விரல்கள் ஈடு கொடுக்கவில்லை. ஹின்னெர்க்கின் சாகசத்தில் அந்தத் தொல்லை கிடையாது. திரையில் தெரிகிற வாளி, கயிறு, கதவு எதை மவுஸால் தொட்டாலும் ஹின்னெர்க் அதைப் பற்றிக் குறும்பாக ஏதாவது சொல்வான். எந்தப் பொருளை எங்கே வைத்தால் வழி திறக்கும் என்று நாள் முழுக்க யோசித்தாலும் கோபிக்காமல் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உலகத்தில் தன்னை அவசரப்படுத்தாத ஆள் அவன் ஒருவன்தான் என்று எக்கார்ட் சொல்வான். ரொஸ்விதா அப்போது, நான் மட்டும் என்ன, என்று கேட்பாள். நீ குளிப்பாட்டும்போது அவசரப்படுத்துவாய் என்பான்.

சத்திரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர் யாரானாலும் ஹின்னெர்க்கைத் தன் கையால் வரைந்து, முதல் பக்கமான வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வரையத் தெரியாதவரும் வரைய வேண்டும். வாசலில் இருக்கிற படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. எக்கார்ட் போட்ட கட்டளை அது ஒன்றுதான். ரொஸ்விதாகூட ஒரு படம் வைத்திருந்தாள். அது பார்ப்பதற்கு ஹின்னெர்க் மாதிரி இல்லை, காய்ந்த காலுறை மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வட கடலோரம் ஹூசும் என்ற ஊரிலிருந்து ஒரு பதினொரு வயதுப் பெண் வந்தாள். சேற்றுத்தவளை என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தாள். அவள் வைத்த ஹின்னெர்க்குக்குத் துடுப்பு நீளத்துக்கு மூக்கு. இரண்டு கண்ணும் முகத்தின் ஒரே பக்கத்தில். கீழே வண்ண மெழுகுக் குச்சியால் ஃபென்யா, 11 என்று எழுதியிருந்தாள். எக்கார்ட் அதன் அடியில் இப்படி எழுதினான்: “துடுப்பு தொலைந்த நாளில் இந்த மூக்கு கரை சேர்க்கும். என் ஹின்னெர்க் இவன்தான்.”

எக்கார்ட் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய கல்லறையைச் சுற்றிச் சத்திரத்து ஆட்கள் நின்றார்கள். கஸ்ஸலில் ரயில் சைகை பார்க்கிற லோதார் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கடைசி நாட்களில் எக்கார்ட் அக்காவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே. வாசலை மட்டும் பார்த்துக்கொள் என்றான். அதன்பிறகு ரொஸ்விதா தினமும் காலை வேலை முடிந்து வந்து, கம்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தட்டில் வைத்துக்கொண்டு, தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து சத்திரத்தைக் கூட்டிப் பெருக்கினாள். கெட்ட வார்த்தை கிடந்தால் எடுத்துப் போட்டாள். பிறந்தநாள்காரருக்கு வாழ்த்து எழுதினாள்.

மூன்று விளையாட்டுகளோடு நின்றுபோயிருந்த ஹின்னெர்க்குக்கு, இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நான்காவது வரப்போகிறது என்று செய்தி வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், கிறிஸ்துமஸுக்காக முதல் மெழுகுவத்தி ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை, ரொஸ்விதாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது.

“சத்திரத்தம்மா, நான் சேத்துத்தவள பேசுறேன். ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமலா. புது விளையாட்டுக்குப் படம் வரைவதே தான்தான் என்று ஃபென்யா சொன்னாள். பழைய பாணியை நான் பின்பற்றவில்லை, காகிதம் வெட்டி ஒட்டினது மாதிரி வரைந்திருக்கிறேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். ஹின்னெர்க்கின் படகு அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறாளாம். அவள் பதினொரு வயதில் வரைந்த அதே படம். அதைத் தொட்டால் எக்கார்ட் எழுதின வார்த்தையை ஹின்னெர்க் தன் வாயால் சொல்வான்.

“அவருக்காகத்தான். அவர் அப்படி எழுதலேன்னா நான் பென்சிலத் தூக்கிப் போட்டிருப்பேன்.”

ரொஸ்விதா சாயங்காலம் பேராலயத்துக்குப் போய்த் தம்பி பேரில் ஒரு மெழுகுவத்தி வைத்தாள். பிள்ளை குட்டி இல்லாமல் போனவன். கல்லறையில் பேரும், பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் மட்டும் வெட்டியிருக்கிறது. அவன் சொன்ன ஒரு வார்த்தை இனி எத்தனையோ வீடுகளில் கேட்கும். ஆண்டவரே, இது போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முன்னோட்டப் படம் தை மாதம் வெளியானது. அன்றைக்கே சத்திரம் தீப்பிடித்தது.

மூக்கு நீளம், கண் பெரிது, கடல் முழுக்கக் கோணல் காகிதம். எங்கள் பிள்ளைப் பிராயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் அழுதார். பாலர் பள்ளிச் சுவரில் ஒட்டுகிற சமாசாரம் இது என்றார் இன்னொருவர். சிலர் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பழைய பாணியில் திருத்தி வரைந்து, இப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று சொன்ன நான்கைந்து பேரை, காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாயா என்று மடக்கினார்கள். அந்த மூக்கு தண்டவாளத்தில் விழுந்தால் ரயில் நின்றுவிடும் என்று லோதார் எழுதினதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். வரைந்தவளின் கையை ஒடிக்க வேண்டும் என்று எழுதினவர்களும் உண்டு. ரொஸ்விதா துணி மடித்த கையோடு வந்து அதையெல்லாம் எடுத்துப் போட்டாள். எடுக்க எடுக்க வந்தது.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிறு பூசையில், சாமியார் வாசித்த வசனத்தில் மனம் நிற்காமல், அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இவர்கள் கோபம் யாரோ அந்நியர் மேல்தானே. வரைந்தது நம் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் வெட்கப்பட மாட்டார்களா? வாசலில் வைத்த படத்தைப் பார்த்து இன்றுவரை ஒருவரும் சிரித்ததில்லையே.

ஃபென்யாவிடம் கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. படம் எப்போதும் வாசலில் இருந்ததுதானே. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். இவள்தான் வரைந்தது, இவள் நம்மவள், அன்றைக்கு எக்கார்ட் என்ன சொன்னான் என்று வாசியுங்கள் என்று எழுதினாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அடடா, அந்தத் தவளைக் குட்டியா என்று இரண்டு மூன்று பேர் இளகினார்கள். ரொஸ்விதா நிம்மதியாகப் பிளம் கேக் ஒரு துண்டு சாப்பிட்டுப் படுத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறாள், லோதார் எழுதியிருக்கிறான்: “பதினோரு வயசுல நின்ன கை இன்னும் வளரலபோல.” கீழே சிரிப்பு, அதன் கீழே சிரிப்பு. அவள் எடுத்துப் போடுவதற்குள் அது சத்திரத்தை விட்டு வெளியே போய்விட்டது. வெளியே எந்தக் கட்டளையும் இல்லை. குழந்தை வரைந்ததையும் பெரியவளாகி வரைந்ததையும் பக்கத்துப் பக்கமாக ஒட்டி, இதற்குச் சம்பளமா என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். பேரும் வயதும்தான் படத்திலேயே இருந்தனவே. அதை வைத்து அவளுடைய முகத்தைத் தேடிப் பிடித்தார்கள், அம்மா வேலை செய்கிற கடையைத் தேடிப் பிடித்தார்கள். மூக்கை மட்டும் வெட்டி அவள் முகத்தில் ஒட்டினார்கள்.

ரொஸ்விதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் ஃபென்யா எடுத்தாள்.

“நீங்க நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும்,” என்றாள். அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. “ஆனா சத்திரத்தம்மா, அந்தப் படத்த என்னால இப்பப் பாக்க முடியல.”

ரொஸ்விதா மன்னிப்புக் கேட்டாள். ஃபென்யா பரவாயில்லை என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி ரொஸ்விதா தொலைபேசியை வைத்தாள்.

லோதாரிடமும் பேசினாள். அவன் திகைத்துப்போய்த்தான் இருந்தான்.

“ரொஸ்வி, அது ஒரு தமாஷு. எக்கார்ட்டே சிரிச்சிருப்பான்.”

“வாசல் படத்தப் பாத்து அவன் சிரிச்சதே இல்ல, லோதார்.”

“வெளிய கொண்டுபோனது நானா? எவனோ செஞ்சதுக்கு எம்மேல ஏன் பாயுற?”

அவளுக்குச் சண்டை போட வராது. தன் பிழை அவனுடையதைவிடப் பெரியது என்றும் மனதில் பட்டது. ஃபென்யாவுக்கு ஒரு வரி எழுது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். எழுதுகிறேன் என்றான். எழுதவில்லை.

இலையுதிர் காலத்தில் விளையாட்டு வந்தது. ரொஸ்விதா அன்றைக்கு விடுப்பு எடுத்தாள். தம்பியின் புகைப்படத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் புதிரிலேயே அவளுக்குப் பாதி நாள் போயிற்று, ஹின்னெர்க் காத்திருந்தான். கோணல் காகிதக் கடல் மெல்ல மெல்ல அசைந்தபோது அது அழகாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. படகு அறைக் கதவு திறந்தது. உள்ளே விளக்கு, கணப்பு, தொங்குகிற மீன்வலை. எதைத் தொட்டாலும் ஹின்னெர்க் வாய் ஓயாமல் பேசினான்.

படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு படச்சட்டம் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்த மரப்பலகை தெரிந்தது.

ரொஸ்விதா அதைத் தொட்டாள். ஹின்னெர்க் திரும்பி அதைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி தொட்டாள். மறுபடியும் தோளைக் குலுக்கினான். அவள் தம்பியின் புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் சொல்லத் தொடங்கினாள், பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த வாரத்தில் சத்திரம் தலைகீழாக மாறியிருந்தது. கண் பழகிவிட்டது, இப்போது இதுதான் பிடிக்கிறது, பழையதைப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். வரைந்த கைக்கு முத்தம் என்று எழுதினவரில் ஒருவர், முன்பு திருத்திப் பாடம் எடுத்தவர். அவர்களை அலைக்கழித்தது ஒன்றுதான்: படகு அறையில் இருக்கிற அந்த வெற்றுச் சட்டம். ஹின்னெர்க் எல்லாவற்றுக்கும் பேசுகிறான், இதற்கு மட்டும் பேசவில்லை என்றால் ரகசியம் இருக்கிறது என்று பொருள். யாரோ மீன்வலையை அதில் மாட்டிப் பார்த்தார்கள். யாரோ கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தார்கள். கப்பல் வரைபடம் சேரவில்லை, காய்ந்த மீனும் சேரவில்லை. கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

லோதார் தொலைபேசியில் கூப்பிட்டான். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

“ரொஸ்வி, ஹின்னெர்க் பையில இருக்கிற அத்தனையும் வச்சுப் பாத்துட்டேன். ஒன்னும் நடக்கல. அந்தப் பொண்ணு உங்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா? அதுல என்னத்தத்தான் வைக்கணும்?”

“வைக்க ஒன்னுமில்ல, லோதார். அது புதிர் இல்ல.”

“புதிர் இல்லன்னா அப்புறம் என்ன?”

“ஒரு படம் இருந்துச்சு. எடுத்துட்டா. அதத் தொட்டா எக்கார்ட் எழுதினத ஹின்னெர்க் சொல்லியிருப்பான்.”

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை. ஒரு ரயில் வந்து நின்று போகிற சத்தம் முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். சத்திரத்தில் பந்தயம் தொடர்ந்து நடந்தது. அதன் பிறகு லோதார் அதில் ஒன்றும் எழுதவில்லை. வேறு எதிலும் எழுதவில்லை.

புது விளையாட்டைப் பார்த்துவிட்டுப் புது ஆட்கள் வந்தார்கள். பனிக்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், ப்ரெமென் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வாசலில் படம் வைத்தாள். ஹின்னெர்க்குக்குக் கழுத்தே இல்லை. மூன்று கை இருந்தது. பேரும் எட்டு வயதும் ஓரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தன.

ரொஸ்விதா அதை வெகு நேரம் பார்த்தாள். மூன்றாவது கை எதற்கு என்று யோசித்தாள். துடுப்புப் போட இரண்டு, கையாட்ட ஒன்று. எக்கார்ட் இருந்திருந்தால் ஏதாவது எழுதியிருப்பான்.

வேறு யாரும் பார்ப்பதற்குள் அதை வாசலிலிருந்து எடுத்தாள். அந்தக் குழந்தைக்கு மட்டும் தனியாக எழுதினாள்: ரொம்ப அழகாக இருக்கிறது, கண்ணு. இதை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள். படம் இல்லாமலே உள்ளே வா.