பல் என்று எழுத வெட்கப்பட்டேன்

அன்பான சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரங்கள். நான் ஹெலன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நம் சகோதரிகள் பத்திரிகையில் சொல்லும்படி கேட்டார்கள். நன்மையைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த கள்ளத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஐம்பத்தெட்டு வயதில் என் வாயில் ஒரு பல்கூட இல்லாமல் போயிற்று. சர்க்கரை வியாதி பத்து வருடமாக இருந்தது. நான் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஈறு இளகி ஒவ்வொரு பல்லாக ஆட ஆரம்பித்தது. கடைசியில் மிஞ்சிய ஆறையும் டாக்டர் எடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஓவென்று அழுதேன்.

என் பல் எப்படிப்பட்ட பல் என்று உங்களுக்குத் தெரியாது. ஆறுமுகநேரியில் அப்பா உப்பளத்து ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், தெருவில் எந்தப் பிள்ளையாலும் உடைக்க முடியாத பொரிவிளங்காய் உருண்டை என் கைக்குத்தான் வரும். ஒரே கடியில் இரண்டாக்கித் திருப்பிக் கொடுப்பேன். என் கல்யாணத்தன்று பந்தலில் கலர் பாட்டில் திறக்க ஓப்பனரைக் காணோம் என்று ஆள் ஆளுக்குத் தேடினார்கள். மணமகள் நானே இரண்டு பாட்டிலைப் பல்லால் திறந்து கொடுத்தேன். மாமியார் மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே! என் வீட்டுக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ சிரிச்சான்னா ரெண்டு தெருவுக்கு கரண்டு வேண்டாம்" என்று இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லுவார்.

அதைவிட எனக்குப் பாட்டுதான் பெரிது. கல்யாணமாகி இங்கே வந்த வருடமே பாடகர் குழுவில் சேர்ந்தேன். அதே வருடம் சேர்ந்தவள் கிரேஸ். தனிப்பாட்டு யாருக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் முப்பது வருடச் சண்டை. ஆனால் டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் சண்டையெல்லாம் மறந்துபோகும். துறைமுகக் குடியிருப்பில் வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, அடுத்த வீட்டில் அச்சுமுறுக்கு, அதற்கடுத்த வீட்டில் சுக்குக் காப்பி. ஹார்மோனியத்தை ஆட்டோவில் வைத்துவிட்டு நாங்கள் பின்னாலேயே நடப்போம். கடல் காற்றில் தொண்டை கட்டிவிடும். மறுநாளும் பாடுவோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

பல் செட் கட்டி ஒரு மாதத்தில் அந்த டிசம்பர் வந்தது. கீழ்த்தாடை எலும்பு தேய்ந்துபோனதால் கீழ்ச் செட் நிற்கவே நிற்காது. ஒரு சாயங்காலம், மூன்றாவது வீட்டு வாசலில் வாயை நன்றாகத் திறந்து மேல் ஸ்தாயிக்குப் போனேன். செட் எகிறி ஹார்மோனியத்தின் மேல் விழுந்தது. கிரேஸ் தன் கைக்குட்டையை அதன்மேல் போட்டு மூடிவிட்டு, பாட்டை விடாமல் என் வரியையும் சேர்த்துப் பாடி முடித்தாள். அது எவ்வளவு பெரிய உபகாரம்! எனக்கோ அப்போது வேறு மாதிரிப் பட்டது. என் பாட்டைப் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அன்றோடு பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினேன்.

பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடியே இருந்தேன். கோயிலில் கடைசி பெஞ்சு. சாப்பாடு கஞ்சியும் குழைந்த சோறும்தான். ஒன்பது மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டேன். என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தாடை எலும்பில் நாலைந்து இம்பிளாண்ட் திருகி, அதன்மேல் முழு வரிசைப் பல்லையும் பொருத்திவிடுவார்களாம். கழலாது. பாடலாம், கடிக்கலாம். எனக்கு உயிர் வந்தது. இரண்டு தாடைக்கும் சேர்த்து ஏழு லட்சம் என்றார்கள். வந்த உயிர் போய்விட்டது.

எங்கள் காப்பீட்டில் இது சேராது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை, மாதத் தவணைக்கு உடனே ஏற்பாடு செய்கிறேன் என்று காகிதத்தை நீட்டியது. மாதம் கட்ட வேண்டிய தொகை எங்கள் பென்ஷனில் பாதிக்கு மேல். மஸ்கட்டில் இருக்கிற மகன் வீட்டுக் கடன் கட்டுகிறான். அவனிடம் சொல்ல எனக்கு மனமில்லை. சாத்தான்குளத்தில் அப்பா விட்டுப்போன தரிசு நிலத்தை வாங்க ஆளில்லை. மிஞ்சியது பேங்கில் போட்டிருந்த எங்கள் வயதான காலத்துப் பணம்.

"அத ஒடச்சிருவோம்ளா" என்றார் அவர்.

"ஒங்க நெஞ்சுல ஏற்கனவே ஒரு ஸ்டென்ட் கெடக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யார்ட்டப் போயி நிப்பேன்? அதத் தொட்டியன்னா நடக்கதே வேற!" என்றேன்.

எனக்கு ஜெபம் ஒன்றுதான் வழி. ஆனால் எதற்கென்று ஜெபிப்பது? எத்தனை பேர் கேன்சரோடும் கிட்னியோடும் கிடக்கிறார்கள். நான் பல்லுக்குப் போய் ஆண்டவரைத் தொந்தரவு பண்ணுவதா? எங்கள் சபையில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. குறிப்பு எழுதிப் போட்டால் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஐயர் வாசிப்பார். பாஸ்டரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம், பெயர் எழுதாமல் "ஒரு சகோதரி" என்று எழுதுவது. நானும் அப்படியே எழுதினேன். "ஒரு சகோதரியின் வாயில் உள்ள வியாதி நீங்கவும், பெரிய செலவு சந்திக்கப்படவும்." பல் என்று எழுத வெட்கம்.

முப்பது வருடமாகப் பாட்டுத் தாளெல்லாம் எழுதிக்கொடுத்த கை என்னுடையது. வெள்ளிக்கிழமை ஐயர் வாசித்தபோது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கையெழுத்து தெரியாதா? வாயில் வியாதி, பெரிய செலவு, ஆளும் மெலிந்துவிட்டாள், வாயை வேறு மூடிக்கொண்டே இருக்கிறாள். பல்லை எடுத்ததே அந்த வியாதிக்காகத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் முதல் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் மேசையில் குவிந்தன. யாரும் அந்த வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு இரண்டாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்பது மாதம் என்னை யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கத்தில், அந்த அன்பு எனக்கு இதமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஜாய்ஸ் அக்கா வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இருபது பேர் போடுகிற இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டை அவர்கள்தான் நடத்துகிறார்கள். மாதாமாதம் ஏலம் விடுவோம். அவசரக்காரர்கள் தள்ளுபடி கொடுத்து எடுப்பார்கள்.

"இந்த மாசம் ஏலம் கெடையாது ஹெலன். முழுசா ஒனக்குத்தான். எல்லாரும் ஒத்துக்கிட்டாவ. கிரேஸ் எடுக்கதா இருந்தா. அவளே ஹெலனுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டா" என்றார்கள்.

கேட்டதில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. அதுவும் ஆண்டவர் சபை வழியாகவே தருகிறார் என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொன்னேன். அப்படியும் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் மருந்து வாங்கிவிட்டுக் கிரேஸ் வீட்டு வழியாக வந்தேன். செப்டம்பர் முடிகிற நேரம். அவளும் அவள் வீட்டுக்காரரும் கூரை மேல் நின்று, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் கான்கிரீட் போடத்தான் அந்தச் சீட்டை எதிர்பார்த்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மேலேயிருந்து கத்தினாள். "வெயில்ல ஏன்ளா அலையுத? வீட்டுக்குப் போயிப் படு!"

வீட்டுக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறை ஒழுங்காக ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குப் பல் வேண்டும். பாட வேண்டும். நான் பொய்க்காரி. என்னை மன்னியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தேன். செட்டைப் போடாமல்தான் போயிருந்தேன். "எனக்குக் கேன்சர் இல்லை. பல்தான் இல்லை. நீங்கள் தப்பாக நினைத்தது தெரிந்தும் சும்மா இருந்தேன். சீட்டு வேண்டாம். கிரேஸுக்கே கொடுங்கள்" என்றேன். பல்லில்லாத வாயில் பாதிச் சொல் காற்றாகப் போனது.

கிரேஸ் விருட்டென்று எழுந்து வெளியே போனாள். செத்தேன் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"மூணு வேள சாப்பிடாம ஒனக்காகக் கெடந்தேன்ளா! நீ போயிட்டன்னா நான் யார்கூடச் சண்ட போட? அத நெனச்சித்தான் அழுதேன்!"

"மன்னிச்சிரு கிரேஸ்."

"பல்லுக்குன்னு சொல்லிருந்தன்னா தந்திருக்க மாட்டேன். உள்ளதச் சொல்லுதேன். இப்பம் நீயே எடு."

அப்போது ஜாய்ஸ் அக்கா சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. மழை வருது, இந்த மாசம் கிரேஸ். அடுத்த மாசம் ஹெலன். ரெண்டுக்கும் ஏலம் கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். என் பக்கம் திரும்பி, "ஏழு லட்சம்னு சொன்னான்னா ஒரே எடத்துல கேட்டுட்டு வந்திருவியா? பல் காலேஜுக்கு வா. படிக்கிற பிள்ளைய செய்யும், பெரிய டாக்டர் பக்கத்துல நிப்பாரு. நான் கூட வாரேன்" என்றார்கள்.

ஜாய்ஸ் அக்கா, கிரேஸ், நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பெரிய டாக்டர் ஸ்கேன் பார்த்தார். முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள், கீழ்த்தாடையை முதலில் செய்வோம், மேல்தாடைக்கு இப்போதைக்கு செட் போதும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பிரித்துச் செய்தால் பிரித்துக் கட்டலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கீழ்த்தாடைக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துக்குள் முடிந்தது. என் சீட்டுப் பணம் அதற்குச் சரியாக இருந்தது. மேல்தாடைக்கு என் வீட்டுக்காரர் அன்றே தபால் ஆபீசில் மாதச் சேமிப்பு தொடங்கினார். அடுத்த வருடம் அதில் குறைந்த பாக்கிக்கு இரண்டு வளையலை அடகு வைத்து, பின்னால் மீட்டோம். வயதான காலத்துப் பணத்தைத் தொடவில்லை.

இன்றைக்கு இரண்டு வரிசையும் என் வாயில் அசையாமல் இருக்கின்றன. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. கிரேஸின் கான்கிரீட் வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். தனிப்பாட்டு யாருக்கு என்று அன்றைக்கும் சண்டைதான்.

இப்போது ஜெபப் பெட்டியைத் திறந்து ஐயரிடம் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. "ஒரு சகோதரி" என்று இன்னும் எத்தனை துண்டுகள் வருகின்றன தெரியுமா? எடுக்கும்போதெல்லாம் என் மனது கஷ்டப்படும். சகோதரிகளே, ஆண்டவருக்கு நம் குறை எழுதாமலே தெரியும். பக்கத்து பெஞ்சில் இருக்கிறவளுக்குத்தான் தெரியாது. அவள் கையில் உங்களுக்கான உதவியை அவர் ஏற்கனவே கொடுத்து வைத்திருக்கலாம். வெட்கப்படாமல் உள்ளதை எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பக்கத்தில் கிரேஸும் இருப்பாள். அவள் கொஞ்சம் திட்டுவாள். அதற்குப் பிறகு உங்களோடு உட்கார்ந்து ஜெபிப்பாள்.