அப்பாசாமி வீட்டில் அரசாங்கச் சட்டைகள்

எங்கள் ஊர் காஜா பேராங்கில் அப்பாசாமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவர் தேய்த்த மடிப்பைத் தெரியாதவர்கள் இல்லை. டோபி வேலைதான். ஆனால் அவரைக் கேட்டால், "அரசாங்கத்துக்கே நான்தான் உடுப்பு மாட்டிவிடுறேன்" என்பார். பொம்பா என்கிற தீயணைப்புக்காரர்கள், போலீஸ், ஹோம் கார்டு என்று மூன்று இலாகாவின் காக்கியும் அவருடைய கஞ்சித் தொட்டியில்தான் குளிக்கும். தொப்பி வைத்தவன் சட்டை மறுநாளே தயார். மற்றவன் துணியைக் கேட்டால் வானத்தைப் பார்ப்பார். என் கல்யாணச் சட்டை கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அவர் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சுற்றிலும் சதுப்பு, நடுவில் கொஞ்சம் மேடு. வாய்க்காலைத் தாண்ட ஒற்றைத் தென்னை மரம்தான் பாலம். துணி காய வெயிலும் காற்றும் தாராளம் என்று அவர் அங்கே போனார். அவர் மனைவி கமலவேணிக்கு வேறு காரணம். பாதி ஆயுசைத் தோட்டத்துக் கூலி லயத்தில் புகைக்குள் கழித்தவள் அவள். இங்கே அடுப்படியில் ஜன்னல் வைத்தாள். பலகையை அவளே சுமந்து, ஆணியையும் அவளே அடித்தாள். புருஷனைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை, ஜன்னலைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட். எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்த இந்த நாடும் சுதந்திரம் வாங்கப் போகிறது, திடலில் அணிவகுப்பு என்றார்கள். மூன்று இலாகாவும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் மொத்த உடுப்பையும் கொண்டுவந்து அப்பாசாமியிடம் போட்டன. மழையைக் காணோம். அணிவகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த லாலாங் புல் பற்றிக்கொண்டது.

புகையைப் பார்த்து பொம்பா வண்டி வந்து வாய்க்கால் கரையில் நின்றது. தென்னை மரத்தில் லாரி ஏறாது, குழாயும் எட்டாது. போலீஸ் வந்தது. ஹோம் கார்டும் வந்தது.

பொம்பா சார்ஜென்ட் நடராஜன், "வாய்க்காலுக்கு அந்தாண்ட நகராட்சி எல்லை கிடையாது" என்றார்.

"எங்களுக்குக் கூட்டத்தக் கட்டுப்படுத்தத்தான் ஆர்டர்" என்றார் போலீஸ் கார்ப்பரல் இப்ராஹீம். வாளியோடு இறங்கப் போன எங்களில் சிலரைத் தடியை நீட்டித் தடுக்கவும் செய்தார். ஹோம் கார்டுக்கு எந்த ஆர்டரும் வரவில்லை. ஆனாலும் வரிசையாக நின்றார்கள், அழகாக இருந்தது.

"ஐயா, வாய்க்கால்ல தண்ணி இருக்கு, வாளி இருக்கு. ஆளுக்கொரு கை குடுங்கய்யா, வீடு போயிடும்!" என்று கமலவேணி கத்தினாள்.

"யோசிக்கிறோம்மா" என்றார் நடராஜன்.

அப்பாசாமி தலையில் அடித்துக்கொண்டு துரைமார்களைக் கூப்பிட்டார். "துவான்! சட்டையெல்லாம் உள்ள இருக்கு துவான்! அணிவகுப்புச் சட்டை!"

அடேயப்பா, அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! எல்லை எங்கே போனதென்று தெரியவில்லை. மரத்தின் மேல் ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை கட்டிவிட்டார்கள். பொம்பாக்காரன் கொடுக்க போலீஸ்காரன் வாங்கினான், போலீஸ்காரன் கொடுக்க ஹோம் கார்டு வாங்கினான். தீயை அணைக்கத்தான் என்று கமலவேணி நம்பிவிட்டாள். ஓடிப்போய் வாளியை நிரப்பி நீட்டினாள். வாங்க ஒரு கையும் காலியாக இல்லை. உள்ளே அப்பாசாமி, "மடிப்பு கலையாம, மடிப்பு கலையாம" என்று எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கால்சட்டை கரை ஏறியதும் நடராஜன் விசில் ஊதினார். இப்ராஹீம் அவருக்குக் கை கொடுத்தார். தீ கூரைக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். ஜன்னல் எரிந்தபோது கமலவேணி அழவில்லை. நிரப்பிய வாளி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

அணிவகுப்பில் மூன்று இலாகாவும் மொடமொடவென்று நடந்து போயின. மேடையில் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். எளிதில் போக முடியாத இடத்தில் பிடித்த தீயை இலாகாக்கள் ஒற்றுமையாக எதிர்த்தனவாம், சேதம் எதுவும் இல்லையாம். ஜனம் கை தட்டியது. இரவல் சட்டையில் புல்தரையில் உட்கார்ந்திருந்த அப்பாசாமி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கமலவேணி அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். "ஏங்க, இன்னைக்கு ராத்திரி எங்க படுக்கிறதுன்னு அவங்களக் கேளுங்க. கேட்டுட்டு வந்து தட்டுங்க."

அப்பாசாமி மேடையைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் பேண்டு முழங்க ஆரம்பித்தது. திடலே எழுந்து நின்றது. அவரும் கையை உருவிக்கொண்டு எழுந்து விறைப்பாக நின்றார். கமலவேணி எழுந்திருக்கவில்லை.