வலிப்பு நின்ற பிறகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. என் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சொம்பு மூடியைத் தரையில் சுற்றவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இலஞ்சியில் எங்கள் தெருவே அதை வலிப்பு என்றது.

சாரல் தொடங்கியதும் என் கணவரின் அக்கா எங்களைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போனாள். "தலையில அருவித் தண்ணி விழுந்தா பிள்ளை தெளிஞ்சிருவாட்டி" என்றாள். தண்ணீர் பட்டதுமே மகள் வீறிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, உடம்பை வில்லாக வளைத்து, என் தோளைக் கடித்தாள்.

"பாத்தியா, வலிப்பு வந்துட்டு! கையில சாவிக்கொத்தைக் குடு!" என்று கத்தினாள் அக்கா.

இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனதும் அழுகை அடங்கிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில்தான் அவளுக்கு எப்போதாவது வருகிற இன்னொன்று வந்தது. மடியில் இருந்தவளின் கண்கள் ஒரு பக்கமாகப் போய் நின்றன. வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. விரலைப் பிடித்து நெரித்தேன், இழுத்துக்கொள்ளவில்லை. மூடி சுற்றும்போது தொட்டால் வெடுக்கென்று தட்டிவிடுகிறவள் அவள். மடியிலேயே சிறுநீர் போய் என் சேலை நனைந்தது. பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

"பிள்ளை அசந்துட்டா" என்றாள் அக்கா.

தென்காசி டாக்டரிடம் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"பஸ்ல வந்ததுதாம்மா வலிப்பு. அருவியில நடந்தது அது இல்ல."

"வலிப்பு நின்னா பேசிருவாளா டாக்டர்?"

"மாத்திரை குடுத்துப் பாப்போம்."

தேனில் குழைத்துக் கொடுத்தேன். முதலில் தள்ளாடினாள், தூங்கி வழிந்தாள். அடுத்த வருஷச் சாரலுக்குள் கண் சொருகுவது அறவே நின்றது. பேச்சு அப்போதும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. வலிப்பு விலகினால் அதற்குப் பின்னாலிருந்து வேறொரு பிள்ளை எழுந்து வருவாள் என்று நம்பியிருந்தேன். விலகிய இடத்தில் இவளேதான் இருந்தாள்.

மறுபடி டாக்டரிடம் போனேன். "பேச்சு வராத இதுக்குப் பேரு எனக்குத் தெரியலம்மா. மருந்தும் தெரியல. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். ஆட்டிசம் என்ற சொல்லை என் தலை நரைத்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "என்ன சொன்னாரு?"

"வலிப்பு நின்னுட்டாம்."

"அப்போ இனிமே பேசிருவா, என்ன?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவிடம் சொல்லக் கிளம்பினார். நான் மகளுக்குச் சோறு பிசைய உட்கார்ந்தேன்.