பட்டாணி அளவு குடோன்

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில நான் ஃபோர்மேன். முன்கோபி. ஒரே பேச்சை ரெண்டு தடவை பேச வச்சா எனக்குச் சுருக்குன்னு ஏறிரும். அப்படிப்பட்ட நான், எனக்கு ஒருத்தர் ரெண்டு தடவை சொன்னதைக் காதுல வாங்காம விட்டேன்.

ஆடி மூணாம் வாரம், மல்லாங்கிணறுல இருக்கிற கொழுந்தியா வீட்டுக்குப் போயிட்டு பைக்குல திரும்பிக்கிட்டிருந்தோம். குறுக்க ஒரு ஆடு பாய்ஞ்சுது. பிரேக்கை அமுக்குனேன். பின்னால உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி ரோட்டுல விழுந்துட்டா. மண்டையில அடி. மதுரையில ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஆபரேஷன் வேண்டியதில்லைன்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மறுநாள் அவளுக்குப் பிடிச்சுதய்யா ஒரு தாகம். பாட்டில் பாட்டிலாக் குடிச்சா. குடிச்சது அம்புட்டும் உடனே சிறுநீராப் போச்சு. இது சுகர்தான்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். டாக்டரம்மா சோதிச்சுட்டு, சுகர் இல்லைன்னு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாக.

மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி தொங்குது. பிட்யூட்டரின்னு பேரு. "தண்ணியை விடாத, பிடிச்சு வை"ன்னு சிறுநீரகத்துக்குச் சொல்ற ஹார்மோன், அதோட பின்பாதியிலருந்துதான் ரத்தத்துல கலக்குது. ஆனா அந்தப் பின்பாதி எதையும் தயாரிக்கிறதில்லையாம். தயாரிக்கிறது அதுக்கு மேல, ஹைப்போதலாமஸ்ங்கிற இடத்துல இருக்கிற நரம்பு செல்லுக. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நீள வாலு. அந்த வாலுக எல்லாம் ஒரு காம்பு வழியா இறங்கி பட்டாணிக்குள்ள வந்து முடியுது. மேல தயாராகுற சரக்கு அந்த வாலுக்குள்ளயே பயணம் பண்ணி, நுனியில பொட்டலம் பொட்டலமா இருப்பு கிடக்கும். உடம்புல தண்ணி குறைஞ்சா மேலருந்து உத்தரவு வரும், பொட்டலம் பிரியும்.

எனக்கு இதை விளக்கவா வேணும்? எங்க கம்பெனியில பட்டாசு மருந்து கலக்கிற ரூம் ஒரு மூலை, குடோன் இன்னொரு மூலை. கலக்கிற இடத்துல எவனாவது சரக்கை அடுக்கி வச்சான்னா சட்டையைப் பிடிச்சிருவேன். இம்புட்டு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்துற விஷயத்தை, தலைக்குள்ள ஒரு பட்டாணி சத்தமில்லாம நடத்திக்கிட்டிருக்கு. அதே குடோன்ல இன்னொரு சரக்கும் உண்டாம். பச்சப்பிள்ளை வாய் வச்சதும் தாய்க்குப் பால் இறங்குறது அதாலதானாம். என் பிள்ளைக ரெண்டும் குடிச்ச பாலுக்கு அங்கருந்துதான் ஆர்டர் போயிருக்கு. அடேயப்பான்னு அந்தத் தாளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விழுந்த அடியில அந்தக் காம்புதான் சேதமாயிருக்கு. கீழ இருப்பு இருந்தும் உத்தரவு இறங்கலை. "குடிக்கிறதையும் போறதையும் அளந்து எழுதுங்க. போறது திடீர்னு குறைஞ்சா, தண்ணியை நிறுத்திட்டு உடனே சொல்லுங்க"ன்னு டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னாக. இன்னும் ஒரு வாரமாவது இருக்கணும்னும் சொன்னாக. நான்தான் மல்லுக்கட்டி, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போற சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் எங்க வீட்டுலதான் இளைப்பாறுவாக. வீட்டுக்காரி இல்லாம நல்லாருக்குமான்னு எனக்குக் கவலை.

வந்த ரெண்டாம் நாளே போறது குறைஞ்சுபோச்சு. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே தடவை. எனக்குப் பெருமை பிடிபடலை. மாரியாத்தா கண்ணைத் திறந்துட்டான்னு வந்தவுக எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாக. வந்தவுக வெறுங்கையோட வருவாகளா? இளநி, பானக்கம், மோரு. எங்க பக்கம் நோயாளிக்குக் கொண்டுவந்ததை ஒரு வாயாவது குடிக்கலைன்னா அவுக மொகம் வாடிரும். "எனக்குத் தாகமே இல்லீக"ன்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தா. "குடி புள்ள, தப்பா நெனைக்கப் போறாக"ன்னு டம்ளரை அவ வாயில வச்சது நான்தான். வச்சுட்டு நோட்டுலயும் ஒழுங்கா எழுதுனேன். எழுதுன கைக்குப் புத்தி வேண்டாமா?

மறுநாள் மத்தியானம் அவ என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டு ஆளு?"ன்னு கேட்டா. கேலி பண்றான்னு சிரிச்சேன். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள கைகாலு வெட்டி இழுக்க ஆரம்பிச்சுது.

கார் பிடிச்சு மதுரைக்கு ஓடினோம். டாக்டரம்மா திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். நோட்டை வாங்கிப் படிச்சுட்டு அமைதியாத்தான் சொன்னாக. காம்புல நசுங்குன வாலுக அழியுறப்ப, நுனியில கிடந்த இருப்பு அம்புட்டும் உத்தரவு இல்லாமலே ரத்தத்துல கசிஞ்சிருக்கு. சிறுநீரகம் சொட்டுத் தண்ணியை வெளிய விடலை. அது மேல நான் ஊத்துனது ரத்தத்துல உப்பைக் குறைச்சு, மூளையை வீங்க வச்சிருச்சு. குடோன் சேதமானா சரக்கு எந்த நேரமும் தானா வெடிச்சுக் கிளம்பும்னு அத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்த ஆளு நான். வெக்கமாப் போச்சு.

உப்பு ஏத்தி, தண்ணியைச் சுருக்கி, ரெண்டு நாள்ல அவளை எனக்குத் திருப்பிக் குடுத்தாக. "இருப்பு தீர்ந்ததும் பழைய தாகம் வரும்"னாக டாக்டரம்மா. "மேல தயாரிக்கிற செல்லுக எம்புட்டு பொழைச்சிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. பொழைச்சிருந்தா அறுந்த வாலு திரும்ப வளரும். அதோட நுனியிலயே புதுசாச் சேமிக்கவும் தொடங்கும். இல்லைன்னா ஆயுசுக்கும் மருந்துதான்." யாரும் சொல்லிக் குடுக்காம, இடிஞ்ச இடத்துக்குப் பக்கத்துலயே தனக்கொரு குடோன் கட்டிக்கிடுற சாமர்த்தியத்தை நான் எங்கயும் பார்த்ததில்லை. ஆனா என் வீட்டுக்காரி தலைக்குள்ள அதைக் கட்ட ஆள் மிச்சம் இருக்கான்னு தெரியாம நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

தாகம் சொன்னபடி வந்துச்சு. மூக்குல அடிக்கிற மருந்துல ஓட்டினோம். தீபாவளி லோடு எல்லாம் போய், சீசன் முடிஞ்ச பிறகு சோதனைக்கு வரச் சொன்னாக. முந்தின நாளே மருந்தை நிறுத்தியாச்சு. காலையிலருந்து தண்ணி குடுக்கக் கூடாது. மணிக்கொரு தடவை எடை பார்க்கணும், சிறுநீரைக் குப்பியில பிடிக்கணும். உடம்பு தானாத் தண்ணியைப் பிடிச்சு வைக்க ஆரம்பிச்சிருந்தா, அது மஞ்சளா வரும்னாக. மருந்து இல்லாத நாள்ல அவளுக்கு எப்பவும் பச்சத்தண்ணியாட்டம்தான் போகும். எட்டு மணிக் குப்பியும் அப்படித்தான் இருந்துச்சு. ஒம்போது மணி, பத்து மணிக் குப்பியும் அப்படியே. அவ உதடு காய்ஞ்சு உட்கார்ந்திருந்தா, தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்கலை. நான்தான் வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தேன்.

பதினோரு மணிக்கு அவளே குப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. "இங்க பாருங்க"ன்னா. ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் தூக்கிப் பிடிச்சேன். நல்ல மஞ்சள். அதைக் கையில வச்சுக்கிட்டு நர்ஸுக முன்னால தேம்பித் தேம்பி அழுதேன்.

"அதைக் குடுங்க, அவுக சோதிக்கணும்ல"ன்னு அவதான் என் கையிலருந்து வாங்குனா.