அடுத்த தெருவுக்குப் போன எண்ணிக்கை

என் சித்தி யாரையும் முழுதாக நம்பியதில்லை. அளவெடுக்கப் போனால், வீட்டுக்காரர் சொல்லும் அளவைக் காதில் வாங்கமாட்டார்; ஜன்னலைத் தானே இரண்டு முறை அளப்பார். திரைச்சீலை தைத்து விற்கும் தொழிலுக்கு இந்தக் குணம் நல்லதுதான். பதினோரு வருடமாகக் கூடவே இருக்கும் துணி வெட்டுபவரிடம் அதைக் காட்டத் தொடங்கியதுதான் வினை.

மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் வந்து இறங்கியபோது, சித்தி ஆர்டர் நோட்டைப் பீரோவில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"என்ன சித்தி, உள்ள நகையா?"

"மெதுவாப் பேசுடி. வெட்டுற ஆளுக்குப் பாம்புக் காது."

சித்தியின் பழைய கூட்டாளி, சண்டை போட்டுப் பிரிந்து அடுத்த தெருவில் தனிக்கடை வைத்திருந்தார். எந்தத் துணியைக் கேட்டு சித்திக்கு ஃபோன் வருகிறதோ, அந்த வாரமே அங்கே அதே துணிக்குத் தள்ளுபடி. போன மாதம் சாம்பல் நிறத் தடித்துணி; இந்த மாதம் பச்சைக் கோடு.

"இவன்தான் போட்டுக் கொடுக்குறான். சனிக்கிழமையோட அனுப்பிடப் போறேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? இத்தனை வருஷம் இல்லாம, இப்ப மட்டும் எதுக்கு ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய ஓடுறான்?"

கடையின் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுண்டா என்று கேட்டேன். அதெல்லாம் கூட்டாளியின் வேலையாக இருந்ததாம்.

"பிரிஞ்சப்ப பழைய பக்கத்த அப்படியே காப்பி அடிச்சேன். கடைப் பேரும் ஃபோன் நம்பரும் மட்டும் மாத்தினேன். ஒருத்தர் உதவி இல்லாம!" என்றார், பெருமையாக.

அந்தப் பெருமைதான் எனக்கு உறுத்தியது. பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்தேன். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் சேவை ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஐடி கொடுக்கும். யார் எந்தத் துணியைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் அந்த ஐடிக்கு உரியவரின் கணக்கில் போய் விழும். அடுத்த தெருக் கடையின் தளத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே ஐடி, கூட்டாளியுடையது.

"சித்தி, போட்டுக் கொடுத்தது அவர் இல்ல. நீங்கதான்."

சித்தி நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலை அளப்பதுபோலவே, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து இரண்டு முறை பார்த்தார்.

"அடுத்த தெருவுல உக்காந்து இவ்வளவு நாளா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாயத் திறக்கலையே, கல்லுளிமங்கி!"

அன்றே புது ஐடி வாங்கிப் பழையதை எடுத்தோம். மறுநாள் காலை சித்தி ஆர்டர் நோட்டைக் கொண்டுபோய் வெட்டும் மேசைமேல் வைத்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. நோட்டின் மூலையை நீவிக்கொண்டே நின்றார்.

வெட்டுபவர் கத்தரியை நிறுத்தவில்லை. "நீங்களே பூட்டி வெச்சுக்குங்கக்கா."

"அட, அதான் யாருன்னு தெரிஞ்சு போச்சே!"

"இந்தத் தடவ தெரிஞ்சுது. அடுத்த தடவ ஏதாவது வெளிய போனா, மொதல்ல என் பக்கம்தானே திரும்புவீங்க? நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் நிம்மதியா வெட்டுறேன்."

நோட்டு பீரோவுக்கே திரும்பியது. சாவி இப்போது பூட்டிலேயே தொங்குகிறது. வெட்டுபவர் அதைத் தொடுவதில்லை. ஆனால் அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம், சித்தியின் தையல் மெஷின் சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் தொடர்கிறது.