காலி ஃபைலும் கடைமடைப் போரும்

போன மாதம் ஆபீஸ் கேண்டீனில் என் டீம் பிள்ளைகள் நான்கு பேர் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ரிலீஸ் பிரச்சினை என்று பதறிப் போய் நின்றேன். விஷயம் அதைவிடப் பெரியதாம். 'கோபால்ட் விங்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டில், பன்னிரண்டாவது மிஷனில், கேப்டன் மார்டன் ஏன் தன் சொந்தக் கப்பல்களையே சுடுகிறான் என்பதுதான் தகராறு. மூன்று பாகங்களோடு நின்றுபோன விளையாட்டு அது. இந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோதே செத்துப்போனது. ஆனாலும் அதற்கு வரலாறு, வம்சாவளி, மரபு என்று இணையத்தில் ஒரு மடமே நடக்கிறது.

"மேடம், இந்தியாவுக்குன்னு தனியா ஒரு எடிஷன் வந்துச்சாம். அதுல போருக்குக் காரணமே தண்ணிதான். டெயில் எண்ட் தியரின்னு பேரு" என்றான் ஒருவன்.

"அதுல லஸ்கர்னு ஒரு பதவி இருக்கு மேடம். அட்மிரலுக்கும் மேல. கிரகங்களோட தண்ணியெல்லாம் அவர் கண்ட்ரோல்" என்றாள் இன்னொருத்தி, பக்தியோடு.

எனக்குத் தெரிந்த லஸ்கர் கோவிந்தன் எங்கள் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூட சைக்கிளில் வருவார். பெடல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அவர் அட்மிரலுக்கு மேலே போனது அவருக்கே தெரியாது. அந்த எடிஷன் யார் கையிலும் அகப்படவில்லை என்று பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். அதைத் தயாரித்தவள் நான்தான் என்று கேண்டீனில் சொன்னால் சாப்பாடு இறங்காது என்று எழுதுகிறேன்.

1. பாய் கடை

பி.ஜி.டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போனேன். தெருவுக்கு நான்கு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த இபுராஹிம் பாய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். போர்டில் 'அதிவேக இன்டர்நெட்' என்று எழுதியிருந்தது. டெலிபோன் லைனில் அது கனெக்ட் ஆகும் அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் போர்டின் துணிச்சல் புரியும்.

முதல் நாளே பாய் என்னிடம் வேலையை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "மாலதி, நெட்டு வராதப்ப ஆளுங்க எழுந்து போயிடக் கூடாதும்மா. அதுக்கு என்ன வழியோ நீ பாத்துக்க."

வழியை அன்சாரி கொண்டுவந்தான். பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். சிங்கப்பூரில் இருந்த அவன் அண்ணன் ஊருக்கு வரும்போது கோபால்ட் விங் மூன்றாம் பாகத்தை இரண்டு சி.டி.யும் ஒரு மேனுவலுமாகக் கொண்டுவந்திருந்தார். பாய் வாயில் அது கடைசிவரை 'கோபால் கேம்'தான்.

இரண்டு சி.டி. முழுவதையும் ஏற்ற எங்கள் ஹார்டு டிஸ்கில் இடமில்லை. பார்த்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை மிஷனுக்கு மிஷன் நடுவே ஓடும் மூவி ஃபைல்கள். டிலீட் செய்தேன். ஃபைல் இல்லை என்றதும் கேம் நின்றுபோனது. அதே பெயரில் காலி ஃபைல் ஒன்றைச் செய்து அந்த இடத்தில் வைத்தேன். கேம் ஏமாந்துவிட்டது. மூவி வரவேண்டிய இடத்தில் பத்து விநாடி திரை கறுப்பாகும், பிறகு அடுத்த மிஷன். ஆறு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு சி.டி.க்களையும் மேனுவலையும் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். நல்ல வேலை செய்ததாகவே நினைத்தேன்.

2. மேனுவல்ல இருக்கு

ஒரு வாரத்தில் கூட்டம் சேர்ந்தது. அதில் தலையாய ரசிகர்கள் இருவர். ஒருவன் அன்சாரி. இன்னொருவன் முரளி, இன்ஜினியரிங்கில் ஏழு அரியர் வைத்திருந்தான். அரியர் பேப்பருக்குச் செலவழிக்காத மூளையை எல்லாம் எதிரிக் கப்பலின் கவசத் தகடு எத்தனை அடி என்பதில் செலவழித்தான்.

பதினோராவது மிஷன்வரை கேப்டன் மார்டன் நம் பக்கம். பத்து விநாடி இருட்டு. பன்னிரண்டாவதில் அவன் நம்மையே சுடுகிறான். காரணம் முழுக்க நான் டிலீட் செய்த மூவியில் இருந்தது.

"அக்கா, இவன் ஏன் மாறிட்டான்?" என்று அன்சாரி கவுண்டருக்கு வந்து கேட்டான்.

மூவியை எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாற்றிப் போடுங்கள் என்பார்கள். ஆறு மெஷினிலும் யார் உட்கார்ந்து மாற்றுவது? அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு தண்ணீர்தான். அப்பாவுக்குக் கடைமடையில் நிலம். நாற்று கருகிக்கொண்டிருந்தது. வாயில் அதுதான் வந்தது.

"மேல இருக்க கிரகத்துக்காரன் லஸ்கரைக் கையில போட்டுக்கிட்டு ஷட்டரை அடைச்சிட்டான். கடைமடைக் கிரகத்துல பயிரெல்லாம் போச்சு. மார்டன் அந்த ஊருக்காரன். நாம மேல் கிரகத்துக்குச் சண்டை போடுறோம்னு அப்பதான் அவனுக்குத் தெரியுது."

"எங்க போட்டிருக்கு?"

"மேனுவல்ல இருக்கு."

மேனுவல் இங்கிலீஷில் அறுபது பக்கம். அதைப் படிப்பது வீரர்களுக்கு இழுக்கு என்பதால் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. முரளி மட்டும், "அப்ப நடுவுல திரை கறுப்பாவுறது?" என்று கேட்டான்.

"துக்கம். செத்துப்போன கடைமடை ஜனங்களுக்கு."

அன்சாரிக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு கர்வம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் மேனுவலிலிருந்து எடுத்துவிட்டேன். முறைத் தண்ணீர் ஒப்பந்தம், மடையை வெட்டியதால் வந்த இரண்டாம் விண்வெளிப் போர், எல்லாம் இருந்தது. இல்லாதது கோபால்ட் விங் மட்டும்தான்.

3. வெள்ளைக்காரனுக்கு வெட்டி வித்திருக்கான்

அன்சாரி கோபால்ட் விங் ரசிகர்களின் வெளிநாட்டு இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்தான். 'கமாண்டர் அன்சாரி' என்ற பெயரில், கடைமடையை 'டெயில் எண்ட்' ஆக்கி, மேனுவலின் மர்மங்களை நீள நீளமாக எழுதினான். எங்கள் பதிப்பில் இதெல்லாம் இல்லையே என்று அங்கிருந்து ஒருவர் பதில் போட்டார். இந்த இடத்தில் எந்த மனிதனுக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டும். ரசிகனுக்கு வராது.

"பாத்தீங்களாக்கா, வெள்ளைக்காரனுக்கு வெட்டி வித்திருக்கான். நமக்குத்தான் முழுசா வந்திருக்கு" என்றான்.

லஸ்கர் என்றால் என்ன என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார். முரளியோடு கலந்து பேசி, அட்மிரலுக்கு மேல் பதவி என்று அன்சாரி பதில் போட்டான். ஆறே மாதத்தில் அந்தத் தளத்தில் இரண்டு கட்சி. காணாமல் போன இந்தியப் பதிப்பை நம்புகிறவர்கள், நம்பாதவர்கள். படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டார்கள். டீ குடித்துக்கொண்டே படித்துச் சிரித்தேன்.

4. டிராயர்

அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி கேம் டெஸ்டர் வேலைக்கு ஆள் கேட்டது. அன்சாரியின் விண்ணப்பத்தை நான்தான் டைப் செய்து அனுப்பினேன். இன்டர்வியூ வந்தது. அவன் முகம் அன்றிருந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

"இது இல்லன்னா துபாய்தான்க்கா. சாச்சா கடைக்கு ஆள் வேணுமாம். விசாவும் வந்தாச்சு. இந்த ஒரு இன்டர்வியூ போயிட்டு வா, கிடைக்கலன்னா ஏறிடணும்னு அத்தா சொல்லிட்டாங்க."

அவனுக்குச் சித்தப்பா கடையில் நிற்கப் பிடிக்காது. இன்டர்வியூவில் கோபால்ட் விங் வரலாற்றைச் சொல்லப்போகிறேன் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தான். அதை வாங்கி மூடினேன்.

"அன்சாரி, அந்தத் தண்ணிக் கதை நான் சொன்னது."

"ஆமா, நீங்கதானே மேனுவலைப் படிச்சுச் சொன்னீங்க."

"மேனுவல்ல அப்படி ஒண்ணும் இல்ல. நானா விட்டது. மூவி ஃபைலை எடுத்துட்டேன். அதான் கறுப்பாவுது."

முரளி சிரித்தான். "சும்மா இருங்கக்கா. இவ்ளோ பெரிய கதைய நீங்க எப்படி விட முடியும்?"

அன்சாரி மரியாதையாகத்தான் சொன்னான். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க டைம் பாத்துச் சீட்டு எழுதுறவங்க. ஒரு மிஷன்கூட விளையாடினது கிடையாது. உங்களுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

மேனுவல் சொன்னது என்றால் வேதவாக்கு. அதையே மாலதி சொன்னது என்றால் ஜோக். கோபத்தில் காது சூடானது. டிராயரில்தான் சி.டி. இருந்தது. எடுத்துப் போட்டுக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். சாவி இடுப்பில் இருந்தது. போய்ப் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். "சரிப்பா, நல்லபடியா பண்ணிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

5. பதினைந்து நிமிஷம்

மூன்று நாள் கழித்து வந்தான். கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வரலாறெல்லாம் யாரும் கேக்கலக்கா. ஏதோ ஒரு கேமைக் கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் விளையாடிட்டு இதுல என்ன குறைன்னு எழுதச் சொன்னாங்க."

"எழுதினியா?"

"நடுவுல திரை கறுப்பாச்சு. எல்லாரும் குனிஞ்சு எழுதினாங்க. நான் எழுதல."

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் கேட்டேன். "ஏன்?"

"துக்கம்னு நினைச்சேன். இன்டர்வியூ எடுத்த மேடம்கிட்டயும் அப்படியே சொன்னேன். அவங்க சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. 'இது உங்களுக்குக் குறையாவே தோணலையா'ன்னு மெதுவா கேட்டாங்க."

டிராயரைத் திறந்தேன். சி.டி.யைப் போட்டு, அழித்த மூவியை ஓடவிட்டேன். முரளியும் வந்து நின்றான். கேப்டன் மார்டனுக்குப் பிரமோஷன் தரவில்லை. எதிரிகள் பெரிய கப்பல் தருகிறோம் என்றார்கள். போய்விட்டான். அவ்வளவுதான் கதை.

"இது டூப்ளிகேட் சி.டி." என்று சொல்லிவிட்டு முரளி தன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான். அவன் இன்றும் டெயில் எண்ட் கட்சிதான் என்று கேள்வி.

அன்சாரி மட்டும் கடைசிவரை பார்த்தான். "இந்த சி.டி. இங்கயேதான் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"அன்னிக்கே போட்டுக் காட்டியிருக்கலாமே."

சி.டி.யை எடுத்து உறையில் போட்டேன். மாதம் முடிவதற்குள் அவன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

6. குறை எழுதும் முறை

புதிதாக டெஸ்டிங்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திரை கறுப்பானால் கறுப்பாகிறது என்று எழுதுங்கள். அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்காதீர்கள். படித்த மனிதன், எந்த ஓட்டையைக் காட்டினாலும் அதற்கு ஒரு கதை சொல்லி அடைத்துவிடுவான். கம்பெனி உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஓட்டையைக் காட்டுவதற்கு.

இதை நான் எங்கே கற்றேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அன்சாரி போன ஆறாவது வாரம் அதே கம்பெனி மறுபடி ஆள் எடுத்தது. விலாசம் என்னிடம் இருந்தது. விண்ணப்பம் போட்டேன். அதே அறை, அதே கேம், அதே பதினைந்து நிமிஷம். திரை கறுப்பானதும் எழுதினேன்: 'இங்கே படம் ஒன்று இருக்க வேண்டும். எடுத்துவிட்டு அதே பெயரில் காலி ஃபைல் வைத்திருக்கிறார்கள்.' எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார் அந்த மேடம். அனுபவம் என்றேன். அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பெருநாளைக்கும் நான் அன்சாரிக்கு வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவன் அனுப்புவான். சென்னையில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று அவன் கேட்டபோது பேச்சை மாற்றினேன். இருபது வருஷத்துக்கு மேலாக எத்தனையோ குறைகளைக் கண்டு எழுதியிருக்கிறேன். கண்ணில் பட்டும் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான். அன்சாரி, நீ உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.