வெல்வெட் நாற்காலி

அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகும் பட்டறையை மூடவில்லை. சக்கர நாற்காலியில் காற்று மெத்தை போட்டு உட்கார்ந்துதான் வேலை. அவ்வப்போது இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வார். ஒரே இடம் அழுந்திக்கொண்டிருந்தால் சதை செத்துப்போகும். அது அவருக்கு வலிக்கவும் வலிக்காது.

ஊரில் யாருக்காவது கை கால் போனால் மூக்கில் வேர்த்தாற்போல் வந்து நிற்கும் சங்கம் ஒன்று, அவரைக் கௌரவிக்கக் கிளம்பியது. சக்கர நாற்காலி துருப்பிடித்திருக்கிறது, படத்தில் எடுப்பாக இருக்காது என்று சொல்லி, இரண்டு பேர் அவரை மூட்டையைப் போலத் தூக்கி, வெல்வெட் போர்த்திய பெரிய நாற்காலியில் வைத்தார்கள். வெல்வெட்டுக்கு அடியில் வெறும் பலகை. மெத்தையோடு ஓடிவந்த மனைவியை, மேடையில் குடும்பத்தாருக்கு இடமில்லை என்று கடைசி வரிசைக்கு விரட்டினார்கள்.

பேச்சு நீண்டது. உழைப்பைப் பற்றி, உழைத்தே அறியாத ஒவ்வொருவரும் பேசினார்கள். அவர் வழக்கம்போலக் கைகளை ஊன்றி எழும்பினார். சங்கத் தலைவர் பாய்ந்து வந்து தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

"பாருங்க, இந்த நிலைமையிலயும் எந்திரிச்சு மரியாதை செய்யப் பாக்குறாரு," என்று மைக்கில் உருகினார்.

ஒரே கைதட்டல். மறுபடி எழும்பினார், மறுபடி அமுக்கல், மறுபடி கைதட்டல். அதன்பிறகு அவர் முயலவே இல்லை. இத்தனை பேர் நடுவில் பின்பக்கத்தைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது என்று கூசியது. பின்னாளில் அந்தக் கூச்சத்தை நினைத்தால், தலைவரைவிடத் தன்மேல்தான் அவருக்கு அதிக அருவருப்பு வந்தது.

வீட்டில் உடை மாற்றும்போது மனைவி பார்த்தாள். முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாள், சிவப்பு வெளுக்கவில்லை.

"கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே," என்றாள். அதற்குமேல் திட்டவும் அவளுக்குத் தெம்பில்லை.

சிவப்பு கறுத்தது, கறுப்பு உடைந்தது. மருத்துவமனையில் செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பட்டறையில் பூட்டு தொங்கியது. மோட்டார்கள் அடுத்த தெருவுக்குப் போயின.

தலைவர் விசாரிக்க வந்தார், படக்காரரோடுதான். தன் விழாவுக்கும் இந்தப் புண்ணுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. எல்லாம் விதி என்று பெருமூச்சு விட்டுவிட்டு, கொஞ்சம் திரும்பிப் படுக்க முடியுமா, படத்தில் முகம் விழவில்லை என்று கேட்டார்.

அவர் தலையணையிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"முகத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க. நீங்க உக்காரவச்ச இடத்துலதான் ஆயிருக்கு. கட்டைப் பிரிக்கச் சொல்றேன், அதை நல்லா படம் எடுத்துக்கிட்டுப் போங்க."

மனைவி நிஜமாகவே போர்வையை விலக்கப் போனாள். நாற்றம் எழுந்ததும் தலைவர் கைக்குட்டையோடு வாசலுக்கு நழுவினார். அடுத்த மாதமே சங்கத்துக்குக் கண் தெரியாத பாடகர் ஒருவர் கிடைத்துவிட்டார்.

புண் ஆற ஒரு வருடம் பிடித்தது. இப்போது பட்டறையில் ஒரு கட்டில் கிடக்கிறது. மதியமானால் அதில் கவிழ்ந்து படுத்தே கம்பி சுற்றுகிறார். வேலை நேரத்தில் என்ன படுக்கை என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு, மோட்டாரை வைத்துவிட்டுப் போகும்படி கையால் தரையைக் காட்டுகிறார். வாயைத் திறந்து விளக்கும் அளவுக்கு அவர்களை அவர் மதிப்பதில்லை.